விழாமல் கழிந்த ஆண்டு

தலைமை நாற்காலியைத் தாங்குகிறவரும், அந்த நாற்காலியால் தாங்கப்படுகிறவருமான எங்கள் பெரிய டாக்டர் அவர்களே! முன்வரிசையில் முழங்கால் வலியோடும் முகமலர்ச்சியோடும் அமர்ந்திருக்கும் மூத்தோர்களே! எங்கள் வார்டின் படுக்கைகளைப் பெற்ற பிள்ளைகளைப் போலப் பேணிய தாய்மார்களே! சக்கர நாற்காலிகளில் வந்து இந்தச் சபையைச் சிறப்பித்திருக்கும் நோயாளிப் பெருமக்களே! கண் வார்டுக்காரர்களோடு நான்காம் வரிசையில் அமர்ந்து, என்னைக் கண்ணெடுத்தும் பாராத ஒரு சகோதரியே! இவ்வளவு நீளமாக விளிக்கிறாரே, விஷயம் எப்போது வரும் என்று கைக்கடிகாரத்தைப் பார்க்கும் என் இல்லத்தரசியே! உங்கள் அனைவருக்கும் என் தாழ்மையான, இன்று மெய்யாகவே தாழ்மையான, வணக்கம்.

என்னை இரண்டு வேலைக்காக இங்கே அழைத்திருக்கிறார்கள். ஒன்று, மேசைமேல் பளபளக்கிறதே, இந்தக் கேடயத்தை வாங்கிக்கொள்வது. 'ஆண்டு முழுவதும் ஒருவரும் விழாத நடைப்பயிற்சி வார்டு' என்று அதில் பொறித்திருக்கிறார்கள். இன்னொன்று, அந்த வார்டின் பொறுப்பாளன் என்ற முறையில் புத்தாண்டுக்கான இலக்கை அறிவிப்பது. இரண்டாவதைக் கட்டாயம் செய்கிறேன். முதலாவதற்குக் கொஞ்சம் பொறுங்கள். கேடயம் எங்கும் ஓடிவிடாது. எங்கள் வார்டில் எதுவும் ஓடுவதில்லை. நடப்பதுகூட இல்லை. அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு இதே மேடை, இதே ஒலிபெருக்கி, இதே தொப்பை. கொஞ்சம் கூடியிருக்கிறது என்கிறார் என் மனைவி. ஒப்புக்கொள்கிறேன். அன்று நான் முழங்கினேன்: "இவ்வாண்டு நம் வார்டில் எவரும் விழமாட்டார்! தரை தொடாத தலைகள், தடுமாறாத தாள்கள், தலைநிமிர்ந்த வார்டு!" நீங்கள் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலில் எனக்குத் தலை சுற்றியது. அன்று விழாதது என் அதிர்ஷ்டம்.

அந்த இலக்கு எங்கிருந்து வந்தது? மனத்திலிருந்தா? மருத்துவ நூல்களிலிருந்தா? இல்லை ஐயா, என் மச்சானிடமிருந்து வந்தது. அவர் ஆணித் தொழிற்சாலையில் மேலாளர். அதன் வாசலில் ஒரு பலகை உண்டு: 'விபத்தில்லாத நாட்கள்'. அதற்குக் கீழே ஓர் எண். குடும்பத்தில் யார் வீட்டுக்கு யார் போனாலும் அந்த எண்ணைச் சொல்லாமல் அவர் காபி குடிக்கமாட்டார். "என்ன மாப்ள, உங்க பக்கம் எவ்வளவு ஓடுது?" என்று என்னைக் கேட்பார். எனக்கும் ஓர் எண் வேண்டும் என்று ஆசை வந்தது. பலகையின் அளவைக்கூட அவரிடமே கேட்டு வாங்கி, வார்டு வாசலில் மாட்டினேன். அவர் தயாரிப்பது ஆணி, நான் தயாரிக்க வேண்டியது நடை என்பது எனக்கு உறைக்கவில்லை.

ஒருவருக்கு மட்டும் உறைத்தது. தரை துடைக்கும் எங்கள் அக்கா, ஆமாம், மறைந்துகொள்ளாதீர்கள் அக்கா, உங்களைத்தான் சொல்கிறேன். பலகை மாட்டிய அன்று, துடைப்பத்தில் சாய்ந்துகொண்டு கேட்டார்: "சார், விழக்கூடாதுன்னா பேசாம எல்லாரையும் படுக்க வச்சிடலாமே?"

நாங்கள் எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தோம். அந்த ஆண்டின் மிகச் சிறந்த நகைச்சுவை என்று நினைத்தோம். அதுதான் அந்த ஆண்டின் திட்டம் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

எங்கள் வார்டுக்கு யார் வருகிறார்கள்? பக்கவாதம் தாக்கி ஒரு பக்கம் ஓய்ந்தவர்கள், இடுப்பெலும்பு முறிந்து எழ அஞ்சுகிறவர்கள். எதற்கு வருகிறார்கள்? நடக்க! நாங்கள் என்ன செய்தோம்? கட்டிலின் பக்கக் கம்பிகளை உயர்த்தினோம். நான்கு சக்கர நாற்காலி இருந்த இடத்தில் பதினொன்று ஆக்கினோம். கழிப்பறைக்கு எழப் பார்த்தவரிடம், "இருங்க தாத்தா, இருங்க, நாங்க இருக்கோம்ல?" என்று அன்பைப் பொழிந்து அமர வைத்தோம். கூடத்தின் நடுவே, இரு பக்கமும் கைப்பிடித்து நடைபழக இரட்டைக் கம்பி உண்டல்லவா? ஆண்டின் பாதியில் அதில் துண்டு காய்ந்தது. அருமையாகக் காய்ந்தது. காற்றோட்டமான இடம்.

எண்ணோ ஏறியது! ஐம்பது என்றார்கள், நூறு என்றார்கள், இருநூறு என்றார்கள். ஒவ்வொரு காலையும் சுண்ணக்கட்டி எடுத்து நானே எழுதினேன். பிறர் எழுதினால் கையெழுத்து சரியாக இருக்காதாம்!

இருநூற்றுப் பதினோராம் நாள்.

அப்போது எங்கள் வார்டில் ஒரு முடிதிருத்துநர் இருந்தார். வலது கால் ஓய்ந்து, மூன்று வாரம் ஆகியிருந்தது. வந்த அன்றே என் வழுக்கையைப் பார்த்து, "சார், உங்களால எங்க தொழிலுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல" என்றவர். நின்றால்தான் அவருக்குத் தொழில். நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்தால்தான் கத்தரி பேசும்.

எங்களிடம் ஒரு சிஸ்டரும் இருந்தார். நோயாளிகளை வரிசையாகப் பின்னால் நடக்கவிட்டு முன்னே போவார் என்பதால் அவருக்கு ரயில் சிஸ்டர் என்று பெயர். வார்டு முழுவதும் படுத்தபிறகும் அவர் மட்டும் தண்டவாளத்தை விட்டு இறங்கவில்லை. அன்று காய்ந்துகொண்டிருந்த துண்டுகளை அள்ளிப் போட்டுவிட்டு, முடிதிருத்துநரை எழுப்பினார். கம்பியைப் பிடித்துப் பத்தடி, கம்பியைத் தாண்டி ஜன்னல்வரை இன்னும் நாலடி நடந்தார் அவர். அங்கே முழங்கால் மடங்கியது. சிஸ்டர் தாங்கிப் பிடிக்கப் பிடிக்க, சுவரோடு சரிந்து தரைக்கு வந்தார். ஒரு கீறலும் இல்லை. தரையில் இருந்தபடியே சிரித்தாராம்: "பதினாலு அடி வந்துட்டேன்ல?"

அந்தப் பெண் நேராக என் அறைக்கு வந்தார். "சார், விழுந்துட்டார். அடி ஒண்ணும் இல்ல. பலகையை மாத்திடுங்க."

மாற்றினேனா? மாற்றக்கூடிய மனிதனா நான்? கூட்டம் போட்டேன்! கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து பேர், ஒன்றரை மணி நேரம். பேசிய பொருள்: அவர் விழுந்தாரா, உட்கார்ந்தாரா? "சுவரைத் தொட்டுக்கிட்டே இறங்கினா அது உட்கார்றதுதான் சார்" என்றார் ஒருவர். "உட்கார்றதுக்கு ஒரு எண்ணம் வேணும்ல?" என்றார் இன்னொருவர். எதையும் செய்து பார்த்துவிடுவது என் வழக்கம். சுவரோடு முதுகை ஒட்டி, நானே மெதுவாகச் சரிந்து காட்டினேன். காட்டியபின் என்னால் எழ முடியவில்லை. இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். சிரியுங்கள், சிரியுங்கள். அதற்குத்தான் சொன்னேன். இனி வருவதற்குச் சிரிக்க முடியாது.

கடைசியில் அவரையே கேட்பது என்று முடிவாயிற்று. கட்டிலைச் சுற்றி ஐந்து பேரும் நின்றோம். ரயில் சிஸ்டர் சற்றுத் தள்ளி, தலைகுனிந்து நின்றார். நான் கேட்டேன்: "ஐயா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. விழுந்தீங்களா, உட்கார்ந்தீங்களா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நான்தாங்க உட்கார்ந்தேன். கால் வலிச்சுது, உட்கார்ந்துட்டேன். அந்தப் பொண்ண ஒண்ணும் சொல்லாதீங்க."

அது பொய் என்று எனக்குத் தெரியும். அந்தப் பொய்யைப் பொன்னாடைபோல் வாங்கிப் போர்த்திக்கொண்டேன். மறுநாள் பலகையில் இருநூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினேன். கையெழுத்து அழகாகவே வந்தது.

அந்தப் பெண்ணிடம், அத்தனை பேர் முன்னால் சொன்னேன்: "இனிமே ரெண்டு பேர் இல்லாம யாரையும் எழுப்பாதே."

"ரெண்டு பேருக்கு எங்க சார் போறது? மொத்த வார்டுக்கும் ஒரு ஷிப்டுக்கு இருக்கிறதே மூணு பேரு" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. பொறுப்பாளன் பதில் சொல்லாமல் இருந்தாலே அது உத்தரவாகிவிடும் அல்லவா? அதன்பின் யாரும் யாரையும் எழுப்பவில்லை. ஒரு மாதம் கழித்து ரயில் சிஸ்டர் கண் வார்டுக்கு மாற்றல் கேட்டார். கையெழுத்துப் போட்டேன். அந்த முடிதிருத்துநர் சக்கர நாற்காலியில் வீடு போனார். வாசலில் பலகையைக் காட்டி, "பாருங்க, எங்ககிட்ட வந்து நீங்க ஒரு தடவைகூட விழல" என்று வழியனுப்பினேன். எவ்வளவு பெருமை எனக்கு!

போன வாரம், இந்தப் பேச்சுக்காக அழகுபடுத்திக்கொள்ள ஆசை வந்தது. காதோரம் மிச்சமிருக்கிறதே, அதை வெட்டத்தான். அவர் கடைக்கே போனேன். மருமகன் கத்தரி பிடித்திருந்தார். இவர் மூலையில் சக்கர நாற்காலியில் இருந்தார். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே, "மாப்ள, இடப்பக்கம் ஏறிப்போச்சு பாருங்க" என்று வாயால் முடிவெட்டிக்கொண்டிருந்தார். அவருடைய கை விரல்கள் மட்டும் மடிமேல் திறந்து மூடின, திறந்து மூடின.

எதிரே ஒரு டீக்கடை. அங்கிருந்து கண்ணாடிக் குவளையில் டீ வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு வைத்தார்.

"இதோ இருக்கு சார், பதினெட்டு அடி. எண்ணி வச்சிருக்கேன். முன்னெல்லாம் நான் டீயைத் தேடிப் போவேன். இப்ப டீ என்னைத் தேடி வருது. வர்றதுக்குள்ள ஆறிடுது."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கோபமே இல்லாமல் கேட்டார்: "நான் உட்கார்ந்தேன்னு சொன்னேன்ல, அந்தப் பொண்ணுக்காகத்தான் சொன்னேன். அதுக்கப்புறம் என்னை ஏன் சார் நிக்கவே விடல?"

அன்பர்களே, நாற்பதாண்டாக நாக்கால் பிழைக்கிறவன் நான். நகைச்சுவைக்கு நானே உரை எழுதுவேன். அந்தக் கேள்வியைக் கேட்டு நான் கணக்குத்தான் போட்டேன். பதினாலு அடி நடந்தவர் அவர். இன்னும் நான்கே அடி! அந்த நாலடியை அவருக்குத் தராமல், ஆண்டு முழுவதும் எனக்கு ஓர் எண்ணைச் சேர்த்துக்கொண்டேன். கால் பாடம் படிக்கிற காலம், நோய் தாக்கிய முதல் சில மாதங்கள்தான். அந்த மாதங்கள் போய்விட்டன. இனிச் சிரமம் என்கிறார் பெரிய டாக்டர். தலையசைக்கிறார், பாருங்கள்.

ஆகவே, பெரிய டாக்டர் அவர்களே, இந்தக் கேடயம் எனக்கு வேண்டாம். இதில் பொறித்திருப்பது பொய். விழாமல் இருந்தது ஓராண்டு அல்ல. எழுப்பாமல் இருந்தது அரையாண்டு. முந்தைய ஆண்டு எங்கள் வார்டிலிருந்து முப்பத்தொரு பேர் தம் காலால் நடந்து வீடு போனார்கள். சென்ற ஆண்டு ஒன்பது பேர். இந்த எண்ணை யாராவது பலகையில் எழுதினார்களா? நான் எழுதினேனா?

இதோ என் புத்தாண்டு இலக்கு. இதை மச்சானிடம் கேட்கவில்லை. இனி நம் வார்டுக்கு வருகிறவரை முதல் நாளே கேட்போம்: "எதுவரைக்கும் நடக்கணும்?" கழிப்பறைவரை என்பார் ஒருவர், மகள் வீட்டு மாடிவரை என்பார் ஒருவர், எதிர்க் கடை டீவரை என்பார் ஒருவர். அதை அவர் தலைமாட்டில் எழுதுவோம். வாசல் பலகையைக் கழற்றுவோம். ஆண்டு முடிவில், சொன்ன இடத்துக்கு எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்று இதே மேடையில் சொல்வேன். யாரும் விழட்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விழுந்தால், விழுந்தார் என்றே எழுதுவோம். எழுதியவரைத் திட்ட மாட்டேன்.

நான்காம் வரிசைச் சகோதரியே! அத்தனை பேர் முன்னால் உங்களைத் தலைகுனிய வைத்தேன். அதைவிட அதிகம் பேர் முன்னால் கேட்கிறேன்: மன்னித்துவிடுங்கள். முடிந்தால் திரும்பி வாருங்கள். எழுந்திருக்க வேண்டாம் அம்மா, உட்கார்ந்தே சொல்லுங்கள். என்ன? சத்தமாகச் சொல்லுங்கள். அவர் கையில் ஒலிவாங்கி இல்லை, நான் சொல்கிறேன்: "ரெண்டாவது ஆள் யார் சார்?" என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி. சென்ற ஆண்டே பதில் சொல்லியிருக்க வேண்டிய கேள்வி.

நான், அம்மா. இந்தத் தொப்பையோடு, நான்தான் இரண்டாவது ஆள். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு முடிதிருத்துநர் வருகிறார். நான் போய்க் கூப்பிட்டேன், வருகிறேன் என்றார். பதினெட்டு அடி கிடைக்குமா, தெரியாது. கிடைக்காமலும் போகலாம். நீங்கள் வலப்பக்கம் பிடியுங்கள், நான் இடப்பக்கம் பிடிக்கிறேன். கம்பியில் துண்டு இருந்தால், அதை எடுத்து மடிப்பது என் வேலை.

சிரித்தவர்களுக்கும், சிரிப்பை நிறுத்தியவர்களுக்கும், முதல் நாளே உண்மையைச் சொன்ன துடைப்பக்கார அக்காவுக்கும் என் நன்றி. இந்த மேடைக்கு ஐந்து படி. நான் என் காலாலேயே இறங்கிப் போகிறேன். அந்தப் பாக்கியத்தைப் பிறருக்குத் தர மறந்தவனின் வணக்கம்.