நாலு நிமிஷம் பாக்கி

ராத்திரி ஒன்றே முக்கால் மணி. கல்குவாரியைத் தாண்டி ஓர் ஒற்றைச் சாலை... இரண்டு பக்கமும் தோண்டிப் போட்ட பள்ளம், நடுவில் ஒரு கார் போகிற அளவுக்குத் தார். ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. அந்தச் சாலையில் ஒரு பெண் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு போகிறாள்.

யாரோ எவரோ இல்லை. என் சிநேகிதனுடைய பெரியம்மா மகள். அவன் அக்கா என்பான், நாமும் அக்கா என்றே வைத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை. தொட்டதற்கெல்லாம் பயப்படுகிற ஆள் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

சாலை முடிகிற இடத்தில் ஒரே ஒரு வீடு. அவள் அப்பாவுடையது. இரண்டு நாளாக மனிதர் போனை எடுக்கவில்லை. ஷிப்ட் முடிந்ததும் அப்படியே கிளம்பிவிட்டாள்.

அப்பா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். ஊரில் பாதிப் பேர் மூக்கின் மேல் உட்கார்ந்திருந்தது அவர் கைவேலைதான். அவருக்கு ஒரே ஒரு பைத்தியம். நட்சத்திரங்களுக்கு நடுவில் புகை மாதிரி வாயு மேகம் மிதக்கிறதே, நெபுலா... அதைப் படம் பிடிப்பது. சுலபமாகத் தெரிகிறது எதுவும் அவருக்கு ஆகாது. தொலைநோக்கியில் கண்ணை வைத்தாலும் தெரியாத அளவுக்கு மங்கலாக இருக்க வேண்டும். அதற்குக் கேமராவைத் தொலைநோக்கியில் பூட்டி, ஒரு படத்துக்குப் பத்து நிமிடம் திறந்தே வைக்க வேண்டும். இப்படி ராத்திரி ராத்திரியாக எடுத்ததையெல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்த்தால், கடைசியில் ஒரு புகை தெரியும். நடுவில் எங்கேயாவது ஒரு பல்பு எரிந்தால் போச்சு.

அதற்காகவே ஊருக்குள் இருந்த வீட்டை விற்றுவிட்டு இங்கே வந்தார். அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேச ஆள் இல்லை, பஸ் இல்லை. பொழுது சாய்ந்தால் மொட்டை மாடியிலிருந்து, "விளக்கை அணை!" என்று ஒரு கத்தல். அம்மா இருட்டில் சமைத்தாள், இருட்டில் சாப்பிட்டாள், இருட்டிலேயே முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தாள். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி, அவருக்குப் பிளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். விளக்குப் போடக் கூடாத படி. அவ்வளவுதான். காலையில் அக்காவுக்குப் போன் வந்தது.

சரி, காருக்கு வருவோம்.

வீட்டுக்கு முன்னால் ஒரு வளைவு. அங்கே வந்ததும் காரின் முன்விளக்கை அணைத்துவிட வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். அக்கா அன்றைக்கு வேண்டுமென்றே அணைக்கவில்லை. பாழாய்ப் போகட்டும் அவர் படம், என்று வெளிச்சத்தைக் கூட்டித்தான் வைத்தாள்.

வளைவு வந்தது.

டக்.

முன்விளக்கு இரண்டும் அணைந்தன. இன்ஜின் ஓடுகிறது. ஆனால் இருட்டு... கையை நீட்டினால் கை தெரியாத இருட்டு. மூடிய கண்ணாடிக்குள்ளே, பக்கத்து சீட்டிலிருந்து மெல்ல ஒரு வாசனை. தைலம்.

அக்கா சீட்டின் பக்கம் திரும்பவே இல்லை. காரை அங்கேயே விட்டுவிட்டு, வீட்டைப் பார்த்துத் தடவித் தடவி நடந்தாள்.

அப்பா மாடியில்தான் இருந்தார், போனின் வெளிச்சம்கூட ஆகாதென்று அதை அணைத்துப் போட்டுவிட்டு. தொலைநோக்கியைத் திருப்புகிற மோட்டார் கொசு மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது.

"விளக்கை அணைச்சிட்டு வந்தியா? இப்பதான் உனக்குப் புத்தி வந்திருக்கு."

"நான் அணைக்கலப்பா."

அவர் தொலைநோக்கியிலிருந்து நிமிர்ந்தார். பிறகு, பால் வந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

"அப்போ உங்கம்மாதான்."

அக்கா தடவிப் பார்த்துச் சுவரோரம் உட்கார்ந்தாள். அவரோ ஆசை ஆசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். மூணு மாதமாக இப்படித்தானாம். கேமரா ஷட்டரைத் திறந்தால் போதும், குவாரி வாட்ச்மேன் விளக்குகூட அணைந்துவிடுகிறதாம். இவ்வளவு சுத்தமான இருட்டு அவர் ஆயுசிலேயே கிடைத்ததில்லையாம். இன்னும் இரண்டே ராத்திரி, படம் முடிந்துவிடும்.

"உசுரோட இருந்தப்ப ஆயிரம் தடவ சொல்லணும். இப்போ சொல்லாமலே செய்யறா."

அக்கா அவரைப் பார்த்தாள். முகம் தெரியவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான்.

"அப்பா, ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு அம்மா விழுந்த சத்தம் உங்களுக்குக் கேக்கவே இல்லியா?"



"கேட்டுச்சு."

"கேட்டுச்சா!"

"பிளாஸ்க்குதான் விழுந்துச்சுன்னு நெனச்சேன். படம் முடிய நாலு நிமிஷம் பாக்கி இருந்துச்சு. நடந்தா மாடி அதிரும், படம் ஆடிடும். முடிஞ்சதும் போகலாம்னு..."

"கூப்பிட்டாளா?"

அவர் கேமராவின் பக்கம் குனிந்தார்.

"அப்பா. அம்மா கூப்பிட்டாளா?"

"ஒரே ஒரு தடவ. மெதுவாத்தான். கத்தினா படம் கெட்டுடும்னு நெனச்சிருப்பா."

அக்கா எழுந்தாள்.  தடதடவென்று மாடி அதிர நடந்து, மாடிப்படியின் உச்சியில் இருந்த சுவிட்சைப் போட்டாள். விளக்கு எரிந்தது. பூச்சுப் பெயர்ந்த படி, கைப்பிடி இல்லாத சுவர்... எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

டக். அணைந்தது.

மறுபடி போட்டாள். மறுபடி அணைந்தது. மூன்றாவது முறை போட்டுவிட்டு விரலை எடுக்காமல் சுவிட்சை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அவள் விரலின் மேல் இன்னொரு விரல் வந்து உட்கார்ந்தது. ஈரமான விரல். தைலப் பிசுக்கு. முரட்டுத்தனம் எதுவும் இல்லை... குழந்தைக்குக் கைப்பிடித்து எழுதச் சொல்லித் தருவது போல, அவள் விரலைக் கொண்டே அந்தச் சுவிட்சை அணைத்தது.

"அம்மா... எரியட்டும்மா. உனக்காகத்தான் போடறேன்."

"அங்க என்ன வெளிச்சம்?" மாடியிலிருந்து அப்பா கத்தினார். "பத்து நிமிஷப் படம் பாழ்!"

விரல் மட்டும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு அதுவும் இல்லை.

விடியும்வரை அக்கா அந்தப் படியில் உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் வந்ததும், கிளம்புங்கள் என்னோடு என்றாள். அவர் மாட்டேன் என்றார். இன்னும் இரண்டே ராத்திரி. அவள் போய்விட்டாள். போய் போனும் பண்ணவில்லை. இருந்தால் இருக்கட்டும், செத்தால் சாகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

அந்த வாரக் கடைசியில் அவரே போனில் கூப்பிட்டார். பகல் பதினொரு மணி. வெயில் மண்டையைப் பிளக்கிறது.

"ஏம்மா," என்றார்.  "இன்னும் விடியலியா?"

கண் டாக்டர்கள் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். கண்ணில் கோளாறு இல்லை, நரம்பில் கோளாறு இல்லை. எல்லாம் பச்சைக் குழந்தையின் கண் மாதிரி இருக்கிறதாம். பார்வை மட்டும் இல்லை. படம் என்னவோ முழுசாக எடுத்தாகிவிட்டது. அவருடைய கூட்டாளி ஒருவர் அதையெல்லாம் சேர்த்துப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்தார். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். கறுப்பில் ஒரு சிவப்புப் புகை, துளி அழுக்கு இல்லாமல். எடுத்தவர் அதை விரலால் தடவித்தான் பார்த்தார். வழுவழுப்பான காகிதம், வேறென்ன தெரியும்?

அக்கா அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். பெற்றவராயிற்றே, தெருவிலா விட முடியும்? வீடு முழுக்க விளக்கு எரியும். அவர் படுத்திருக்கும் அறையில் மட்டும் பல்பு நிற்பதில்லை. எலெக்ட்ரீஷியன் வயரையெல்லாம் பிடுங்கி மாற்றிப் பார்த்துவிட்டு, "லைன்ல ஒண்ணும் இல்லீங்க" என்றான். கூலியை வாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனான். அக்கா இருட்டிலேயே போய் அவருக்கு ஊட்டிவிடுவாள்.

போன மாதம் ஒருநாள் வேலை முடியத் தாமதமாகிவிட்டது. பசியோடு இருப்பாரே என்று ஓடி வந்து, தட்டில் சாப்பாட்டைப் போட்டுக்கொண்டு அறைக் கதவைத் திறந்தாள்.

உள்ளே மெல்லுகிற சத்தம்.

நிதானமாக... விழுங்க முடியாமல் விழுங்கி... மறுபடி மெல்லுகிற சத்தம்.

"அப்பா?"

சத்தம் நின்றது.

"வந்துட்டியாம்மா?" என்றார் அவர். வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு பேசுகிற குரல். "போதும்னு நீயாவது சொல்லேன். ஒரே தைலக் கசப்பு... நான் சொன்னா நிறுத்த மாட்டேங்குறா."

அக்கா வாசற்படியிலேயே நின்றாள். கையில் தட்டு ஆறிக்கொண்டிருந்தது. அம்மா, போதும் என்று வாய் வரைக்கும் வந்தது. அதைச் சொல்லவில்லை அவள்.

கதவை மெதுவாகச் சாத்திவிட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தாள்.

உள்ளே மறுபடி மெல்லுகிற சத்தம் ஆரம்பித்தது.