வளர்க்கிற வண்டி

விலை குறைவாகக் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் பெரிய வண்டியை வாங்கிவிடக் கூடாது, மேடம். உங்கள் வீட்டில் யாராவது ஆசைப்பட்டால் முதலில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். என் காரை முதலில் புதிதாக வாங்கியவர் ஒன்பது வருடம் ஓட்டிவிட்டு, கால் விலைக்கு அதை என் தலையில் கட்டினார். வண்டிக்குத்தான் கால் விலை. உதிரிப் பாகங்களுக்கு முழு விலை. வாங்கும்போது இதை யாரும் சொல்வதில்லை.

எட்டு சிலிண்டர், இரண்டு டர்போ. கறுப்பு என்று தாளில் போட்டிருக்கும். வெயிலில் பார்த்தால் அடர் நீலம். பம்ப் தயாரிக்கும் கம்பெனியில் கொள்முதல் பிரிவில் நான் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். போல்ட், வாஷர், பேரிங் என்று அடுத்தவனுக்காக விலை பேசிப் பேசியே நாக்கு தேய்ந்த ஆள். எனக்கென்று ஆசைப்பட்டு வாங்கியது இது ஒன்றுதான்.

வாங்கிய பத்தாம் நாள் காலையில் பார்த்தால், இடது பக்க முன்சக்கரத்தின் மேல் வண்டி அப்படியே படுத்திருந்தது. சோடாபுட்டி வந்து பார்த்தார். தடித்த கண்ணாடி போட்ட மெக்கானிக். ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும், அவரே போனில் அப்படித்தான் சொல்லிக்கொள்வார்.

"ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்துப் பை சார் இதுல. பை கிழிஞ்சிருக்கு. ஒண்ணு போனா ரெண்டையும் மாத்தணும்" என்றார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "இது வாங்குற வண்டி இல்ல சார், வளக்குற வண்டி" என்றார்.

நான் சிரித்தேன். அப்போது சிரிக்கத் தெம்பு இருந்தது.

அதற்குப் பிறகு எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் குழாய். டர்போவின் சூட்டில் பிளாஸ்டிக் பொரிந்து, விரலால் தொட்டாலே உதிர்ந்தது. அதை மாற்ற எஞ்சினையே இறக்க வேண்டியிருந்தது. அடுத்தது இக்னிஷன் காயில், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தீப்பொறி கொடுப்பது. எட்டில் ஒன்று சோம்பினாலும் எனக்குத் தெரிந்துவிடும். ஸ்டியரிங்கில் கை வைத்தால் உள்ளங்கையில் ஒரு சின்னத் தடுமாற்றம். டயர் பதினைந்தாயிரம் கிலோமீட்டர் தாண்டாது. ஒன்றைச் சரிசெய்து வெளியே எடுத்தால் அடுத்தது வாசலில் காத்திருக்கும். அலுப்பாக இருந்தது, மேடம். ஆனால் அலுப்பாக இருக்கிறதே என்று பெற்ற பிள்ளையைத் தெருவில் விடுகிறோமா?

நீங்கள் கேட்டது என் மனைவியைப் பற்றி. அதற்குத்தான் வருகிறேன்.

அவள் வீட்டிலேயே கணக்கு டியூஷன் எடுத்தாள். சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஒரே நேரத்தில் ஒன்பது பிள்ளைகள். அதட்டத் தெரியாது, தப்பாகப் போட்டால், "சரி, இதையே இன்னொரு வழியில பாப்போமா?" என்பாள். அந்தக் காசைப் பதினெட்டு வருடமாகச் சேர்த்து வைத்திருந்தாள். எங்கள் இருவர் பெயரிலும் இருந்த கணக்கு அது. எடுக்க வேண்டுமென்றால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

போன வருடம் மாடியில் துணி காயப்போட்டுவிட்டு வரும்போது அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஸ்கேன் எடுத்தோம். ரிப்போர்ட் வாங்கப் போன அன்று டியூஷன் பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம். நான் மட்டும் போனேன். இதய டாக்டர் நிதானமானவர். காகிதத்தில் படம் வரைந்து காட்டினார். இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வால்வு சுருங்கிவிட்டது, மூன்று மாதத்துக்குள் மாற்றிவிட வேண்டும், மாற்றிவிட்டால் பயமில்லை என்றார். ஆஸ்பத்திரி கேட்ட தொகை அந்தக் கணக்கில் இருந்தது. கொஞ்சம் மிச்சமும் ஆகும்.

திரும்பி வரும்போது மேம்பாலம் ஏறுகையில் வண்டி உதறியது. இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகாமல் பின்னாலிருந்து யாரோ எட்டி உதைத்த மாதிரி. நேராகப் பட்டறைக்கு விட்டேன். சோடாபுட்டி கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு வயரைச் சுருட்டி வைத்தார்.

"கியர்பாக்ஸ் சார். இப்படியே ஓட்டினா மொத்தமா போயிடும். வித்துடுங்களேன்."

"இந்த நிலையில எவன் வாங்குவான்?"

"பழைய இரும்புக்கு எடுப்பான்" என்றார்.

கொள்முதல் ஆள் நான். நல்ல நிலையில் இருக்கும் பொருளுக்குத்தான் விலை உண்டு. அவள் சேர்த்த காசில் கியர்பாக்ஸை மாற்றி, வண்டியை விற்று, விற்ற பணத்தில் ஆபரேஷன் செய்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். மூன்று மாதம் என்பது தொண்ணூறு நாள். அந்தக் கணக்கில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கதவைத் திறந்தவள், "என்னங்க சொன்னாரு?" என்றாள்.

"வயசுக்கு வர்றதுதானாம். மாத்திரை போதுமாம்."

அவள் அங்கேயே செருப்பு அடுக்கும் பலகை மேல் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள். "நல்ல வேளைங்க. நான் என்னென்னமோ நெனச்சுப் பயந்தே போயிட்டேன்."

மறுநாள் பணம் எடுக்கும் படிவத்தை நீட்டினேன். எதற்கு என்றும் சொன்னேன், பொய் சொல்லவில்லை. "வண்டிக்கா? குடுங்க. உங்களுக்குன்னு வேற என்ன ஆசை இருக்கு" என்று சொல்லிக்கொண்டே, ஒரு பிள்ளையின் நோட்டைத் திருத்திய அதே சிவப்புப் பேனாவால் கையெழுத்துப் போட வந்தாள். சிவப்பு செல்லாது என்று நான்தான் என் பேனாவைக் கொடுத்தேன்.

கியர்பாக்ஸ் மாற்றிய பிறகு வண்டி வெண்ணெய் மாதிரி போனது. வாங்க மூன்று பேர் வந்தார்கள். ஒருவன் டயரைக் காலால் உதைத்துப் பார்த்தான். அப்படிப்பட்டவனிடம் எப்படிக் கொடுப்பது? இரண்டாமவன் அடிமாட்டு விலைக்குக் கேட்டான். மூன்றாமவர் நியாயமானவர். அவர் சொன்ன தொகை ஆபரேஷனுக்குச் சரியாக இருந்திருக்கும். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். முன்பக்க பிரேக் டிஸ்க்கும் மாற்றிவிட்டால் இன்னும் கொஞ்சம் கூடக் கிடைக்கும் என்று தோன்றியது.

ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டார்கள். என் நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். வேறு இடத்தில் காட்டுகிறோம் என்று சொன்னேன்.

அவளுக்கு முடியாமல் போவது எனக்குத் தெரியாது என்று உங்கள் ஆள் எழுதியிருக்கிறார். அதை அடித்துவிடுங்கள். எட்டில் ஒரு காயில் சோம்பினாலே கண்டுபிடிக்கிறவன் நான். மூச்சு முட்டாமல் படுக்க முதலில் ஒரு தலையணை கூடியது. பிறகு இன்னொன்று. கடைசியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்கினாள். டியூஷன் பிள்ளைகளை ஒன்பதிலிருந்து நான்காகக் குறைத்தாள். "மாத்திரை கேக்கலையோங்க, டாக்டரை இன்னொரு தடவை பாக்கலாமா?" என்று கேட்டாள். அடுத்த வாரம் போகலாம் என்றேன். அப்படி ஐந்து அடுத்த வாரம் போனது. எனக்கும் அலுப்பாக இருந்தது.

டிஸ்க் மாற்றிய அன்று காலை பதினொரு மணிக்கு நானும் சோடாபுட்டியும் புறவழிச் சாலையில் பிரேக் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். கீழ்வீட்டுக்காரர் நான்கு முறை போன் அடித்திருக்கிறார். டெஸ்ட் ஓட்டத்தில் நான் போன் எடுப்பதில்லை. வீட்டுக்குப் போனபோது கீழ்வீட்டுக்காரர் ஆம்புலன்ஸுக்காக வாசலில் நின்றிருந்தார், அவள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். ஈரத்துணி வாளி பக்கத்தில். தலை கைப்பிடிக் கம்பியில் சாய்ந்திருந்தது. பின் சீட்டில் கிடத்தி ஒன்பது நிமிடத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். கியர்பாக்ஸ் ஒரு முறை கூட உதறவில்லை. டாக்டர் வாசலிலேயே பார்த்துவிட்டு, முடிந்து அரைமணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றார்.

மகள் வெளியூரில் வேலையில் இருப்பவள். வந்து ஒரு மாதம் என்னோடு தங்கினாள். வண்டியை விற்றுவிடலாம்பா, பார்க்கும்போதெல்லாம் அம்மா ஞாபகம் வருகிறது என்றாள். சரி என்றேன். வாங்க வருகிறவருக்குக் காட்ட, சர்வீஸ் ரசீதுகளைக் கோர்த்து வைத்திருந்த ஃபைலை அவளே எடுத்துப் போனாள். வண்டியின் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஒரு தாளில் கை நின்றது.

"அப்பா, இது அம்மாவோட ரிப்போர்ட்."

"ஆமா."

"ஆபரேஷன்னு போட்டிருக்கு. அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அவள் அழவில்லை. தேதியைப் பார்த்தாள். அடுத்த தாளைத் திருப்பி, கியர்பாக்ஸ் ரசீதின் தேதியையும் பார்த்தாள். அம்மாவைப் போலவே கணக்கில் கெட்டி. அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம்தான் வந்திருக்கிறாள். அதன் பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

என் மனைவி சாக வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை, மேடம். இந்த ஒரு வேலை முடியட்டும், அப்புறம் அவளைப் பார்ப்போம் என்றுதான் நினைத்தேன். ஆனால் டாக்டர் சொன்னதை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது நான்தான். அவள் பணத்தை எடுத்ததும் நான்தான். பிழைத்திருக்க வேண்டியவள். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் மாற்றி எழுதச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டை மறைத்து வைத்ததாகப் போட்டிருக்கிறார்கள். நான் எதையும் மறைக்கவில்லை. தேதி வரிசைப்படிதான் கோர்த்து வைத்திருந்தேன்.