ஒன்பது நிமிடம்

உங்கள் விபத்து அறிக்கையில் ஒரே ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது, ஐயா. பெல்ட் வழுக்கி நின்ற மெஷின் திடீரென்று பிடித்துக்கொண்டது என்று எழுதியிருக்கிறீர்கள். புது பெல்ட் கிடந்ததைப் பார்த்து எழுதியிருப்பீர்கள். பெல்ட்டின் மேல் ஒரு தப்பும் இல்லை. மற்றபடி கையெழுத்து அழகாக இருக்கிறது.

பட்டறை என் அத்தானுடையது, அதாவது அக்கா வீட்டுக்காரருடையது. பதினாறு வருடமாக அவரிடம்தான் வேலை செய்கிறேன். பலகை இழைக்கும் அந்த பிளேனர் என்னைவிட இரண்டு வயது மூத்தது. மூன்று மாதமாக அதற்குத் தெம்பு குறைந்துகொண்டே வந்தது. கனமான பலகையை விட்டால் பாதி வழியில் முனகும், பிறகு நின்றுவிடும். அத்தான் பெல்ட்டை மாற்றினார். கத்திகளைச் சாணை பிடித்தார். வயரை மாற்றினார். மறுபடி பெல்ட்டை மாற்றினார்.

கோளாறு மோட்டாருக்குள் இருந்தது. உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பிச் சுருள் பழசாகிச் சூடேறியது. அளவு மீறிச் சூடானால் மோட்டாரை நிறுத்த உள்ளே ஒரு சின்னத் தகடு உண்டு. ஆறியதும் அது தானாகச் சேர்ந்துகொள்ளும். சுவிட்ச் போட்டபடியே இருந்தால், யாரும் தொடாமலே மெஷின் ஓட ஆரம்பித்துவிடும். அத்தான் வெளியூர் போயிருந்த ஒரு நாள், ஆறு முறை ஓட்டிச் சூடாக்கி நேரம் பார்த்தேன். ஆறு முறையும் ஒன்பது நிமிடம்.

சொல்லாமல் இல்லை.

“அத்தான், சுருளை மாத்திடலாம். நாலு நாள் வேலை. இல்லைன்னா நின்னதும் சுவிட்சையாவது அணைச்சிடுங்க.”

“வந்துட்டாருப்பா டாக்டர். போய் பலகையை எடு.”

டாக்டர் என்பது அவர் எனக்கு வைத்த பெயர். அக்கா பிள்ளைகள்கூட டாக்டர் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கெட்டவர் இல்லை. எனக்குக் கல்யாணம் செய்து வைத்ததே அவர்தான். ஆனால் நான் சொன்ன ஒன்றையும் காதில் போட்டுக்கொண்டதில்லை. நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

மெஷின் நின்றால் அவர் மூடியைத் திறந்து, கத்திகளுக்கிடையே சிக்கிய சீவலைக் கையால் அள்ளுவார். நான் சத்தமில்லாமல் பின்னால் போய் சுவிட்சை அணைத்துவிடுவேன். முடிந்ததும் போடுவேன். மூன்று மாதம் இப்படித்தான் அவர் கை அவரிடம் இருந்தது. அவருக்கு அது தெரியாது.

செவ்வாய்க்கிழமை மதியம் கதவுக்கு அளவு சொல்ல ஒருவர் வந்திருந்தார். மெஷின் நின்றது. நான் வாயைத் திறப்பதற்குள் அத்தான் அவரிடம், “இவர் எங்க வீட்டு டாக்டர். சாவு வீட்டுக்கு மட்டும்தான் சரியான நேரத்துக்குப் போவார்,” என்றார். வந்தவர் சிரித்துவிட்டு, அளவைச் சொல்லிக் கிளம்பினார். எனக்கு மனசு விட்டுப்போயிற்று.

அன்று சுவிட்சை நான் அணைக்கவில்லை.

அத்தான் பெல்ட்டை அழுத்திப் பார்த்துத் திட்டினார். பிறகு மூடியைத் திறந்தார். சுவிட்ச் எனக்கு மூன்றடி தூரத்தில் இருந்தது. கால் எழவில்லை என்று முதலில் உங்களிடம் சொன்னேன். பொய் இல்லை, ஆனால் எழுப்பிப் பார்க்கவும் இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது நிமிடத்தில் பயம் வந்தது. ஏழாவது நிமிடத்தில், பாவம், தண்ணீர் கேட்டார். பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். இடது கையால் வாங்கிக் குடித்தார். வலது கை உள்ளேதான் இருந்தது.

“இன்னும் கொஞ்சம்தான்டா, முடிச்சிடலாம்,” என்றார்.

எட்டாவது நிமிடத்தில், அவர் கை பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். என் கணக்கு பொய்த்துவிடக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன். இரண்டும் சேர்ந்து நடக்காது என்று தெரியாத ஆள் இல்லை நான்.

மெஷின் ஓடியது. பாய்ந்துபோய் அணைத்தேன். அப்போது கால் நன்றாகவே எழுந்தது.

மணிக்கட்டுக்குக் கீழே எதையும் காப்பாற்ற முடியவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வராந்தாவில் அக்கா என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். அது நடிப்பு இல்லை, ஐயா.

“நீ தலைபாடா அடிச்சுக்கிட்டியேடா,” என்றாள். “நீ சொன்னதுதான் சரின்னு இப்ப சொல்றார்.”

“அத்தானா சொன்னார்?”

தலையாட்டினாள். அவர் சொன்னதை அப்படியே இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.