திம்புள்ளையில் முறைகேடு ஒழிந்த விதம்

1998ஆம் ஆண்டில் திம்புள்ளைப் பகுதியில் அரசாங்க அட்டைகளின் முறைகேடு அடியோடு ஒழிக்கப்பட்டது என்பதை, பொறுப்பதிகாரி இராசரத்தினமாகிய நான் இத்தால் சகலருக்கும் அறியத்தருகிறேன். இதற்காக நுவரெலியாவில் எனக்கு மாலை போட்டார்கள். பூக்கள் பாதி வாடியிருந்தன. நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

நீங்கள் விசாரிக்க வந்திருப்பதால் ஒழுங்காகவே சொல்கிறேன். அந்த அட்டையைக் காட்டினால் தோட்டத்துக் குடும்பங்களுக்குக் கூட்டுறவுக் கடையில் மாவும் பால்மாவும் கிடைக்கும். ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் இலவசமாகப் போகலாம். அட்டைக்குரியவர் நேரில் வர வேண்டும். விதி அவ்வளவுதான்.

ஒருநாள் கடைக்குச் சோதனைக்குப் போயிருந்தேன். மீனம்மா என்ற தொழிலாளி மடியிலிருந்து ஒரு கட்டு அட்டையை எடுத்தாள். லயத்தில் இருந்த அத்தனை வீட்டு அட்டையும் அதில் இருந்தது.

"இவ்வளவு ஆக்களும் நீ ஒராள்தானோ?"

"எல்லாரும் மலையில கொழுந்து எடுக்கிறாங்கய்யா. எறங்கி வந்தா அன்னைக்குச் சம்பளம் போயிரும். யாராச்சும் ஒருத்தரு வந்து எல்லாத்துக்கும் வாங்கிட்டுப் போறதுதாங்க எங்க வழக்கம்."

"வழக்கம் சட்டமில்லை."

"அப்ப நீங்க ஒரு நாளைக்குக் கூடையக் கட்டிக்கங்க. நாங்க அம்புட்டுப் பேரும் வந்து வரிசையில நிக்கிறோம்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கடை மனேஜரும் சிரித்தார். எனக்குக் கோபம் வரவில்லை. அட்டைகளைப் பறிமுதல் செய்தேன். அட்டை காட்டாதவரை இலவசமாக ஏற்றக் கூடாதென்று பஸ் கண்டக்டர்மாருக்கும் கடுமையான சுற்றறிக்கை அனுப்பினேன். தமிழ், சிங்களம் இரண்டிலும்.

அந்தக் கட்டில் ஒன்று நாகலெட்சுமியுடையது. அவளுக்கு எட்டாம் மாதம். வீங்கிப்போன காலோடு தோட்டத்திலிருந்து நடந்தே கந்தோருக்கு வந்து என் மேசை முன்னால் நின்றாள்.

"நாளைக்கு நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கட்டாயம் வரச் சொல்லிட்டாங்கய்யா. பிரஷர் ஏறிக் கெடக்குதாம். கையில காசு இல்லைங்க. அட்டைய மட்டும் குடுத்துருங்க."

"நீதான் நாகலெட்சுமி எண்டதுக்கு என்ன அத்தாட்சி?"

"அந்த அட்டைதாங்கய்யா."

"அது பறிமுதலில கிடக்கு. வேற ஏதும் கொண்டு வா."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, "புள்ளைக்காவது இரக்கப்படுங்க" என்றாள். இரக்கத்துக்கு ஒதுக்கீடு எதுவும் எனக்குக் கிடையாது என்பதை அமைதியாக விளக்கினேன். அவள் போய்விட்டாள்.

மறுநாள் கண்டக்டர் அவளை ஏற்றிய இடத்திலிருந்து அடுத்த தரிப்பிலேயே இறக்கிவிட்டார். அவர் மேல் பிழையில்லை. என் சுற்றறிக்கையைக் கவனமாக வாசித்திருக்கிறார். அன்று நல்ல மழை. மற்ற பஸ்களும் நிற்கவில்லை. அவள் நடக்கத் தொடங்கியிருக்கிறாள். தேயிலை லொறிக்காரன் ஒருவன் பாதையோரம் கண்டு ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது, தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

நான் அவளைத் தொடக்கூட இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இறந்தவரின் அட்டையை வேறு யாரும் பாவித்துவிடக் கூடாதே என்று அன்றே அதை ரத்துச் செய்தேன். அந்த மாதம் எங்கள் பகுதியில் முறைகேடு ஒன்றுகூட இல்லை.

வந்தவள் நாகலெட்சுமிதான் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்கள். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோதே நான் மேசை லாச்சியைத் திறந்து பார்த்தேன்.

அட்டையில் அவளுடைய படம் ஒட்டியிருந்தது.