மெத்தைக்கடைக்காரன் மனு போடலை

இல்லண்ணே, நான் எங்கயும் போகல, சத்தியமா. இந்த மெத்தையை விட்டுட்டு எங்க போறது? ஓரம் தைக்க ஆரம்பிச்சா நடுவுல எந்திரிக்க முடியாது, பஞ்சு ஒரு பக்கமா ஒதுங்கிரும். நீங்க நல்லா சாஞ்சு உக்காருங்க. வாசல்ல நிக்குற உங்க பசங்களையும் உள்ள வரச் சொல்லுங்க, வெயில்ல காயுறாங்க. நான் மனு தாக்கல் பண்ணப் போயிருவேன்னுதானே காவலுக்கு வந்திருக்கீங்க? இன்னைக்குத்தானே கடைசி நாள், மூணு மணிக்கு ஆபீஸ் கதவைச் சாத்துற வரைக்கும் இருந்து பாத்துட்டே போங்க. எனக்கும் பேச்சுத்துணைக்கு ஆளாச்சு.

ஆமா, டீக்கடையில சொன்னேன், இல்லைங்கல. எம்பி பேரும் என் பேரும் ஒண்ணு, அப்பா பேரோட முதலெழுத்தும் ஒண்ணு, நான் எதுத்து நின்னா அவருக்கு விழுற ஓட்டுல பாதி எனக்குத்தான் விழும்னு சொன்னேன். அதுக்காக எம்பியோட வலது கை நீங்களே காரை எடுத்துக்கிட்டு வந்துட்டீங்களே! பயமாண்ணே? சும்மா கேட்டேன், கோச்சுக்காதீங்க.

பயம் வரத்தான் செய்யும். தொகுதி லட்சணம் அப்படி. மலையடிவாரத்துல ஆரம்பிச்சு உப்பளம் வரைக்கும் மெத்தை ஓரத்து நாடா மாதிரி ஒரே நீளம். எந்த வேட்பாளரும் எல்லா ஊருக்கும் போய்ச் சேந்ததில்ல. ஜனங்க மூஞ்சியப் பாத்தா ஓட்டுப் போட்டாங்க? பேரைக் கேட்டுத்தான் போட்டாங்க. சின்னமா? அட போங்கண்ணே, ரோசாவுக்கும் முட்டைக்கோசுக்கும் வித்தியாசம் தெரியாமத்தான் அச்சடிக்கிறான்.

மொத எலெக்ஷன்ல பெரிய பண்ணைக்காரர் போட்டியே இல்லாம ஜெயிச்சார். அத்தனை பேரும் அவர் நிலத்துல குத்தகைக்கு உழுதா, எவன் எதுத்து நிப்பான்? அவருக்கப்புறம் வக்கீல். ரயில் கொண்டு வர்றேன் ரயில் கொண்டு வர்றேன்னு ரெண்டு தடவை ஜெயிச்சார். கடைசியில ரயில்வே கேட்டு மட்டும் வந்துச்சு, தண்டவாளம் வரவே இல்ல. சிரிக்காதீங்க, இன்னும் நிக்குது, அதுல ஆடு கட்டுறாங்க.

வக்கீலைத் தோக்கடிச்சவர் டாக்டர். தங்கமான மனுசன். ஊசி குத்துறதுக்கு முன்னாடி அவர் முகத்தைச் சுளிச்சுக்குவார், வலிக்கிறது அவருக்குத்தான்ங்கற மாதிரி. அவரை எதுத்துத்தான் உங்க தலைவர் மொத மொத நின்னார். அப்ப செங்கல் சூளை வச்சிருந்தார் இல்ல? நேரா மோதினா மண்ணைக் கவ்வணும்னு அவருக்கே தெரியும். என்ன பண்ணார்? டாக்டர் பேர்லயே ஒரு வாத்து மேய்க்கிறவரைத் தேடிப் பிடிச்சு சுயேச்சையா நிறுத்தினார். பாவம், வாத்துக்காரருக்கு மைக்கைப் பாத்தாலே வேர்த்துக் கொட்டும். ஒரு கூட்டம் பேசல, ஒரு நோட்டீஸ் அடிக்கல. வாங்கினது எட்டாயிரம் ஓட்டு! டாக்டர் தோத்தது மூவாயிரத்துல.

அந்தாளை யார் கூட்டிக்கிட்டு வந்ததுன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? உங்க வண்டி பின்சீட்டு ரொம்ப நாள் வாத்து நாத்தம் நாறுச்சாமே.

அட, எதுக்கு அதையெல்லாம்னு கேட்டா எப்படி? அந்த ஜெயிப்புக்குத்தானே ஊர்வலம் விட்டீங்க, இந்தத் தெரு வழியா. முன்னால கடை, பின்னால வீடு, கடை நெறைய பஞ்சு. நான் குறுக்க ஓடிப் போய், ஐயா, பஞ்சுக் கடைய்யா, இங்க மட்டும் வெடி வேணாங்கய்யான்னு கையெடுத்துக் கும்பிட்டேன். ஜீப் மேல மாலையோட நின்னார் உங்க தலைவர். நான் வாழ்த்துச் சொல்றேன்னு நெனச்சாரோ என்னவோ, பதிலுக்குக் கையை ஆட்டினார். சரவெடிய என் வாசப்படியிலயே போட்டுக் கொளுத்தினாங்க. பஞ்சு பத்திக்கிட்டா சத்தமே கேக்காதுண்ணே. எம் பொண்டாட்டி உள்ள உக்காந்து பஞ்சு பிச்சுக்கிட்டிருந்தா. உசுரு பொழச்சுக்கிட்டா. கண்ணு ரெண்டும் போச்சு.

அவர் வாயால ஒரு மன்னிப்பு வந்தாப் போதும்னு போனேன். அவ கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் அவர் முன்னாடி நிறுத்தினேன். பேரு என்னன்னார். சொன்னேன். அடே, என் பேரை வச்சுக்கிட்டா மெத்தை தைக்கிற, மொதல்ல பேரை மாத்துடான்னார். சுத்தி நின்ன அத்தனை பேரும் சிரிச்சீங்க. நீங்களும்தாண்ணே, நான் பாத்தேன். சிரிப்பு எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு தெரியாம அவ தலையத் திருப்பித் திருப்பித் தேடினா. அன்னைக்கே முடிவு பண்ணேன், இந்த ஆளைச் சும்மா விடக் கூடாதுன்னு. சாமி பாத்துக்கும்னு விட்டா, அது அவர் பேரன் காலத்துலதான் கண்ணைத் தெறக்கும்.

அப்புறமும் ரெண்டு தடவை ஜெயிச்சிட்டார். போன தடவை நூலிழையில தப்பிச்சார். இந்தத் தடவை நெலவரம் எப்படின்னு என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

மணி என்ன, மூணாயிருச்சா? அப்பாடா, உங்க வேலை முடிஞ்சுது. என் வேலையும் முடிஞ்சுது, இந்தா கடைசி முடிச்சு. போன் அடிக்குது பாருங்க, எடுங்கண்ணே. தாக்கல் பண்ற ஆபீஸ்ல இருந்துதானே?

என்ன, ஒருத்தர் மனு குடுத்துட்டாராமாண்ணே? ஆமா, அது என் சம்பந்திதான். மலையடிவாரத்துல தேனீ வளக்குறார். அதே பேரு, அதே முதலெழுத்து. எம் பொண்ணை அவர் வீட்டுல குடுத்தப்பவே ஊரெல்லாம் கேலி பண்ணுச்சு, உங்க காதுக்குத்தான் எட்டல. நான் டீக்கடையில வாயத் தெறந்தது உங்களை இங்க இழுக்கத்தான். நீங்க என்னையக் காவல் காத்தீங்க, அவர் நிம்மதியாப் போய் மனுவைக் குடுத்துட்டார். வாபஸ் வாங்க வைக்கப் போறீங்களா? தாராளமாப் போங்க. அவர் வீட்டைச் சுத்தி தேனீப் பெட்டிதான், பாத்துக் கதவைத் தட்டுங்க.

முன்மொழிய ஆள் வேணும்ல? மொதக் கையெழுத்து எம் பொண்டாட்டியோடது. விடிஞ்சதும் மொத பஸ்ஸுலயே கெளம்பிட்டா, காகிதத்துல எந்த எடம்னு விரலை வச்சுக் காட்டினாப் போதும், அழகாப் போடுவா. காலையில இருந்து அவ வீட்டுலதான் உக்காந்திருக்கீங்க. அவ எங்கன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களாண்ணே?