நனைத்துத் தைத்த துணி

துணியை வெட்டுவதற்கு முன்னால் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயப்போட்டு, இஸ்திரி போட்டுவிட வேண்டும். பாதித் தையல்காரர்கள் இதைச் செய்வதில்லை. வாங்கிய கையோடு கத்தரியை வைத்துவிடுவார்கள். முதல் சலவையிலேயே சட்டை சுருங்கிப்போகும். போய்க் கேட்டால் துணி சரியில்லை என்று கடைக்காரன் தலையில் பழியைப் போடுவார்கள். நான் தைத்த துணி சுருங்கிவிட்டது என்று இதுவரை ஒருத்தரும் என் வாசலில் வந்து நின்றதில்லை. இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள் மேடம், எனக்கு அவசரமில்லை.

உங்கள் காக்கி யூனிஃபார்ம் சட்டை தோளில் இறங்கியிருக்கிறது, இடுப்பில் இழுக்கிறது. அளவெடுத்தவன் உங்களைப் பார்த்துப் பயந்துகொண்டே எடுத்திருப்பான். கோபித்துக்கொள்ளாதீர்கள், தொழில் புத்தி. வீட்டின் முன்னறைதான் என் கடை. அதில் உட்கார்ந்து எத்தனையோ வருஷமாக மனிதர்களை இடுப்பும் தோளுமாகவே பார்த்துவிட்டேன்.

வருகிற பெண்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். டேப்பைச் சுற்றியதும் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். நான் டேப்பைப் பிடித்தபடி நிற்பேன். எவ்வளவு நேரம்தான் இழுத்துப் பிடித்திருக்க முடியும்? விட்டதும் அளவைப் பார்ப்பார்கள், முகம் தொங்கிப்போகும், பிறகு காரணங்கள் வரும். பிரசவத்துக்கு அப்புறம் இப்படி ஆகிவிட்டது, மாத்திரை சாப்பிடுகிறேன், எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் இந்த வாகுதான். தின்கிற வாய் என்ன வாகு என்று மட்டும் ஒருத்தியும் சொன்னதில்லை.

நானும் அப்படி இருந்தவள்தான், மறைக்கவில்லை. தையல் பள்ளியில் என் பெயர் மூட்டை. ஆசிரியையே ஒரு நாள் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு, பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனாள். என் அம்மா, "நீ எப்படி இருந்தாலும் எனக்கு ராசாத்திதான்" என்று சொல்லிச் சொல்லி என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடினாள். அந்த அன்பால்தான் நான் மூட்டையானேன். பிறகு யார் உதவியும் இல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இளைத்தேன். மூட்டை என்றவர்கள் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். உலகம் அவ்வளவுதான். அதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு தேவையில்லை.

எனக்கு ஒரே பெண். வீட்டில் பாப்பா. எத்தனை வயதானாலும் பாப்பாதான். எப்போதும் எதையாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டே வாசற்படி ஏறுவாள். அவள் வருவது கடைசிப் படிக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். பதினாலு வயதில் உடம்பு கொஞ்சம் பூசினாற்போல ஆயிற்று. கன்னத்தில் தொடங்கி, மேல்கையில் வந்து, இடுப்பில் உட்கார்ந்தது. எனக்கு வந்த அதே வரிசை. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்த மாடியில் எது சிக்கிக்கொண்டாலும் ஓடுவார். வீட்டில் மட்டும் எதற்கும் அசையமாட்டார். "வளர்ற பொண்ணு, விடு" என்றார். அவருக்கு எல்லாமே விடுதான்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளியில் பெற்றோரை அழைத்து ஒரு கூட்டம் போட்டார்கள். பிள்ளைகளுக்குத் தங்கள் உடம்பின் மேல் நல்ல எண்ணம் வளர உதவுவது எப்படி என்பதற்குக் கூட்டம். கவுன்சிலர் என்று ஒரு சின்னப் பெண் வந்து பேசினாள். அவளுடைய சட்டையின் மூன்றாவது பொத்தான் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தது. அதை வைத்துக்கொண்டு அவள் எங்களுக்குச் சொல்லித்தந்தாள்.

"பிள்ளைங்க உடம்பைப் பத்தி வீட்ல ஒரு வார்த்தைகூட தப்பாப் பேசாதீங்க. கிண்டல் வேணாம். தட்டைப் பார்த்து கணக்குப் பண்ணாதீங்க. எடை மிஷினை வீட்டை விட்டே தூக்கிப் போட்டுருங்க. நீ அழகா இருக்கேன்னு தினமும் சொல்லுங்க."

சுற்றிலும் உட்கார்ந்திருந்த அம்மாக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வீட்டுக்குப் போனதும் மறுபடி, "இன்னும் எவ்வளவு தின்பே" என்று கத்தப்போகிறவர்கள்தான் எல்லோரும். நான் அப்படியில்லை. ஒன்றை ஏற்றுக்கொண்டால் கடைசிவரை நிற்பேன். அன்றே எடை மிஷினைத் தெருக்கோடிப் பழைய சாமான்காரனிடம் கொடுத்தேன். அந்த நாளிலிருந்து என் பெண்ணின் உடம்பைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை என் வாயிலிருந்து வந்ததில்லை. யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள். அவள் முன்னால் வந்து நின்றால், "அழகா இருக்கடி கண்ணு" என்றேன். தினமும் சொன்னேன்.

துணியைப் பற்றி மட்டும் அந்தக் கூட்டத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு நூல் என்று சொல்வோம். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அவள் பள்ளிக்குப் போனபிறகு ஒரு பேண்ட்டை எடுத்து உள்ளே புரட்டி, இரண்டு பக்கமும் ஒரு நூல் பிடித்து இறுக்கித் தைத்தேன். பழைய தையலைப் பிரித்து, அதே நிற நூலில், அதே நெருக்கத்தில். பிறகு ஒரு சட்டை. பிறகு ஸ்கர்ட்டின் இடுப்பு. ஒரு வாரத்தில் ஒன்றுக்கு மேல் தொடமாட்டேன். கடையில் தொங்குகிற துணியை வாங்கும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. தையல்காரி மகளே ரெடிமேட் போட்டால் என் பிழைப்பு என்னாவது? அதனால் அவள் உடம்பில் ஏறுகிற எல்லாமே என் கையைத் தாண்டித்தான் ஏறும்.

முதலில் அவள் கவனிக்கவில்லை. பிறகு ஒரு காலையில் பேண்ட்டின் கொக்கியை மாட்ட முடியாமல் நின்றாள்.

"அம்மா, இது சுருங்கிடுச்சா?"

"நனைச்சுத் தச்ச துணி சுருங்காதுடா" என்றேன். பொய் சொல்லவில்லை மேடம். சின்ன வயதிலிருந்தே துணியை ஊறவைக்கும் வாளியில் கைவிட்டு விளையாடியவள் அவள். நான் தைத்தது சுருங்காது என்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். கொஞ்ச நேரம் தன் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நீ அழகாத்தான் இருக்கே, கிளம்பு" என்றேன். அன்று மதியச் சாப்பாட்டில் பாதி டப்பாவிலேயே திரும்பி வந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. தட்டைக் கணக்குப் பண்ணக் கூடாது என்றுதானே சொல்லியிருந்தார்கள்.

பலன் தெரிந்தது. ஆறு மாதத்தில் கன்னம் வடிந்தது, கழுத்து நீண்டது. தெருவில் பார்த்தவர்கள், "உங்க பொண்ணா, ஆளே மாறிட்டாளே" என்றார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாமே என்று உங்கள் கண் கேட்கிறது. நிறுத்தினால் என்னாகும் என்று எனக்குத் தெரியும். பிடி கொஞ்சம் தளர்ந்தால் உடம்பு பழையபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே அவள் ஒரு நூல் இளைத்தால் நானும் துணியை ஒரு நூல் பிடித்தேன். சில வாரம் இரண்டு.

கவுன்சிலர் சும்மா இருக்கவில்லை. பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி கொடுத்தாள். காலையில் கண்ணாடி முன் நின்று, தன் உடம்பில் பிடித்த ஒன்றை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சர்க்கஸ் வேலை. பாப்பா கதவைச் சாத்திக்கொண்டு சொல்லுவாள். முன்னறைக்கும் அவள் அறைக்கும் நடுவே பலகைச் சுவர்தான். மிஷினை நிறுத்தினால் மூச்சுவிடுவதுகூடக் கேட்கும்.

"எனக்கு என் தோள் பிடிக்கும்" என்று ஒரு நாள் சொன்னாள். குரலில் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது. அந்த வாரம் அவளுடைய சட்டைகளில் தோளைப் பிடித்தேன். பிறகு ஒரு நாள், "எனக்கு என் கை பிடிக்கும்" என்றாள். சட்டைக் கையைப் பிடித்தேன். அலட்சியம் எங்கே ஆரம்பிக்கிறது தெரியுமா? இது நன்றாக இருக்கிறது என்று நினைக்கும் இடத்தில்தான். கொஞ்ச நாளில் அவள் கண்ணாடி முன்னால் நிற்பதை விட்டுவிட்டாள். பாடுவதையும் எப்போது விட்டாள் என்று யோசித்துப் பார்த்தேன், சரியாக நினைவில்லை.

குண்டா இருக்கேனா என்று அவள் கேட்டபோதெல்லாம், "நீ அழகா இருக்கே" என்றேன். அவள் நம்பவில்லை. எப்படி நம்புவாள், கொக்கி மாட்டவில்லையே. அம்மா என்றால் அப்படித்தான் சொல்லுவாள் என்று நினைத்துக்கொண்டாள். நானும் என் அம்மாவைப் பற்றி அப்படித்தான் நினைத்தேன். இந்த ஒரு விஷயத்தில் என் பெண் என்னைப் போலவே இருந்தாள்.

பள்ளி மாடிப்படியில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் எங்களை உட்காரவைத்து, எப்போதிலிருந்து இளைக்க ஆரம்பித்தாள் என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் விழித்தார். "இளைக்கலையே டாக்டர். அவ டிரஸ்ஸெல்லாம் இறுகிட்டேல்ல வந்துச்சு. அதுக்குத்தானே அழுதுட்டே இருந்தா."

இந்த மனுஷன் தினமும் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் டாக்டர் அவள் எடை எழுதிய சீட்டை அவர் பக்கம் திருப்பிக் காட்டியபோது, அவர் தலைக்குள் ஏதோ ஒன்று அசைந்தது. எழுந்து வீட்டுக்குப் போனார். அலமாரியைக் காலி செய்து எல்லாத் துணியையும் உள்ளே புரட்டிப் பார்த்திருக்கிறார். பிரித்துத் தைத்தால் பழைய ஊசித்துளை போகாது மேடம். ஒரு தையலுக்கு வெளியே இன்னொரு வரிசை, அதற்கு வெளியே இன்னொன்று என்று இருக்கும். ஒரு ஸ்கர்ட்டைக் கொண்டுவந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மடியில் போட்டார்.

"என்னடி இது?"

"தையல்" என்றேன்.

அவர் அழுதார். ஆண்கள் அழுதால் பார்க்கச் சகிக்காது. கவுன்சிலரையும் வரவழைத்து எல்லோருமாக என்னைச் சுற்றி நின்றுகொண்டார்கள். உண்மை தெரிந்தால் அவள் சாப்பிட ஆரம்பிப்பாள், நேரம் அதிகமில்லை, இதயம் பலவீனமாக இருக்கிறது, அவளிடம் நீங்களே சொல்ல வேண்டும் என்றார் டாக்டர். சொல்லமாட்டேன் என்றா சொன்னேன்? அவள் பிழைக்க வேண்டும் என்று எல்லோரையும்விட எனக்குத்தான் ஆசை அதிகம்.

கட்டிலில் உட்கார்ந்து அவள் தலையை வருடினேன். "பாப்பா, உன் டிரஸ்ஸையெல்லாம் அம்மாதான் பிடிச்சுத் தச்சேன். நீ குண்டாகவே இல்லடா."

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"கவுன்சிலர் மேடம் இப்படிச் சொல்லச் சொன்னாங்களா?"

இல்லை என்றேன். சத்தியம் என்றேன். வீட்டுக்குப் போய் அவளுக்குப் பிடித்த பச்சை கவுனை எடுத்து, நான் பிடித்த தையல் அத்தனையையும் பிரித்து, முதலில் இருந்த அளவுக்கே விட்டுக் கொண்டுவந்தேன். துளைகளைக் காட்டினேன். அதைக் கையில் வாங்கி விரித்துப் பார்த்தாள். அவளைப்போல இரண்டு பேர் உள்ளே போகலாம்.

"எனக்காகப் பெருசாத் தச்சுக் கொண்டாந்தியாம்மா" என்றாள். "பழசு மாதிரியே துளையெல்லாம் போட்டு. நீ ரொம்ப நல்லவம்மா." என் கையைத் தட்டிக்கொடுத்தாள். அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள் மேடம். பிறகு சாப்பாட்டுத் தட்டை மெதுவாக என் பக்கம் நகர்த்திவிட்டாள்.

அடுத்த வாரம் இதயம் நின்றுவிட்டது.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஆமாம், நான்தான். இரண்டு வருஷம், அவளுடைய எல்லாத் துணியையும், தெரிந்தேதான் செய்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். ஆனால் அவளை நான் வெறுத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். வெறுத்திருந்தால் வாயால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். இவ்வளவு மெனக்கெட்டிருக்கமாட்டேன்.

கடைசியாக எதைப் போட்டு அனுப்புவது என்று வந்தபோது அந்தப் பச்சை கவுனைத்தான் எடுத்தார்கள். போட்டுவிட்டுப் பார்த்தால் சாக்கு மாதிரி தொளதொளவென்று கிடந்தது. ஊரே வந்து பார்க்கிற இடத்தில் என் பெண்ணை அப்படிக் கிடத்த எனக்கு மனசு வருமா? அவர் வேண்டாம் என்று என் கையைப் பிடித்தார். உதறிவிட்டு ஊசியில் நூல் கோத்தேன். இரண்டு பக்கமும் கைத்தையலில் பிடித்து, தோளையும் பிடித்து, ஒரு சுருக்கம் இல்லாமல் செய்தேன். இந்த ஒரு முறைதான் அவள் உடம்பில் டேப்பை வைத்து, அவள் அளவுக்கே தைத்தேன். பிறகு வந்தவர்கள் வரிசையாக நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். நான் பக்கத்திலேயே நின்று ஒவ்வொருத்தர் வாயையும் கவனித்தேன் மேடம். ஒருத்தர்கூட அவளைக் குண்டு என்று சொல்லவில்லை.