எட்டு போதும்னு சொன்னவன்

...இருங்க, இருங்க. கையைத் தூக்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். நம்ம ஊர்ச் சங்கத்துக் காசுல பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் பத்து கம்ப்யூட்டர் வாங்கத் தீர்மானம் படிச்சீங்க, கேட்டேன். நான் பத்தாவதோட நின்னவன். கணக்குப் பாடம் என்னை நிறுத்துச்சுன்னு சொல்றதுதான் சரி. தீர்மானத்தைப் பத்தி எனக்கு என்ன பேசத் தெரியும்? ஆனா என் வீட்டுல நடந்த ஒரு சின்னக் கதை கையில இருக்கு. அதைக் கேட்டுட்டு அப்புறம் தூக்குங்க.

நான் ராசிபுரம் நாமக்கல் ரூட்டுல தனியார் பஸ் ஓட்டுறவன். எங்க தொழிலுக்கு ஒரே சாமி... டைம்! ரெண்டு நிமிஷம் பிந்தினா பின்னால வர்ற பஸ்காரன் ஸ்டாண்டுலயே சட்டையைப் பிடிப்பான். பத்தொம்பது வருஷத்துல என் வண்டி லேட்டுன்னு ஒருத்தன் சொன்னதில்ல. அந்தத் திமிர் எனக்கு உண்டு. அதனால கடையில எதைப் பார்த்தாலும் நான் கேக்கற முதல் கேள்வி, "இது எவ்வளவு வேகம்?" மிக்ஸி வாங்கப் போனப்பவும் அதைத்தான் கேட்டேன். என் சம்சாரம் நாலடி தள்ளிப் போய் நின்னுக்கிட்டா.

என் பொண்ணு தாரணி சிவில் டிப்ளமோ முடிச்சவ. ஈரோட்டு இன்ஜினியர் ஒருத்தர் ஒரு வீட்டு பிளானைக் கொடுத்து, கட்டி முடிச்ச வீடு மாதிரியே கம்ப்யூட்டர்ல படம் செஞ்சு தரச் சொன்னார். "சனிக்கிழமை நாலு மணிக்குள்ள அனுப்பும்மா. நல்லா இருந்தா வீட்டுல இருந்தே நிரந்தர வேலை."

கம்ப்யூட்டர் வாங்க சேலத்துக்குப் போனோம். கடையில தாரணி தெளிவாச் சொன்னா: "அண்ணா, மெமரி பதினாறு ஜிபி போடுங்க. வேகம் கம்மியா இருந்தாலும் பரவாயில்ல."

கடைக்காரர் அவளைப் பார்த்தாரா? இல்ல! டிரைவர் காக்கிச் சட்டைப் பையில பணத்தோட நின்ன என்னைப் பார்த்தார். "அண்ணா, அது ஸ்லோவா ஓடுங்க. அதே விலைக்கு இதைப் பாருங்க. எட்டு ஜிபி. ஆனா வேகம் மூவாயிரத்து அறுநூறு! உள்ள கலர் லைட்டு வேற எரியும்."

"அவ கேக்கறது எவ்வளவு வேகம்ங்க?"

"ரெண்டாயிரத்துச் சொச்சம்தாண்ணா."

"ப்பா, என் வேலைக்கு எட்டு பத்தாதுப்பா."

கடைக்காரர் சிரிச்சார். "பாப்பா, அப்பா பஸ் ஓட்டுறவரு. வேகத்தைப் பத்தி அவருக்கா தெரியாது?"

நான் என்ன செஞ்சேன்? ...நானும் சிரிச்சேன்! மீசையைத் தடவிக்கிட்டு "எட்டு போதும், போடுங்க"ன்னு சொன்னேன். எட்டுன்னா எதுல எட்டுன்னே தெரியாதவன் சொல்றேன்!

சனிக்கிழமை வந்துச்சு. கீழ்வீடு படத்துல ஜம்முனு வந்துருச்சு. மாடியைச் சேர்த்தா... அப்படியே நின்னுருச்சு. மவுஸை இப்ப இழுத்தா எப்பவோ அசையுது. உள்ள மட்டும் பச்சை, சிவப்பு, நீலம்னு கல்யாண மண்டபம் மாதிரி லைட்டு!

"என்னம்மா, வேகமானதுதானே வாங்கினோம்?"

"வேகம் இருக்குப்பா. இடம்தான் இல்ல. படம் முழுசா மெமரியில உக்காரணும். இடம் பத்தாததை எல்லாம் டிஸ்க்குக்கு அனுப்பி வச்சுட்டு, மறுபடி மறுபடி போய்க் கூட்டிட்டு வருது."

சுரீர்னுச்சுங்க எனக்கு. அம்பது பேர் காத்திருக்கற ஸ்டாப்புக்கு நான் ஆட்டோவை விட்டிருக்கேன்! எவ்வளவு பறந்தா என்ன? மூணு மூணு பேரா எத்தனை நடை அடிக்கும்? இது எனக்குத் தெரியாததா? தினமும் நான் பார்க்கற தொழில்ங்க!

"இன்னொரு எட்டு வாங்கிச் சொருகிடலாமா?"

"சொருக ரெண்டு இடம்தான்ப்பா. ரெண்டுலயும் நாலு நாலா அடைச்சுட்டாரு. இதைக் கழட்டிப் போட்டாத்தான் வேற சொருக முடியும்."

மணி ரெண்டு. சேலம் போய்த் திரும்பறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். அறை அறையா வெட்டி, ஒவ்வொண்ணாச் செஞ்சு, ஒட்டி... ஆறு பத்துக்கு அனுப்பினா. இன்ஜினியர் போன்ல நல்ல மனுஷனாத்தான் பேசினார். "வேலை அருமைம்மா. ஆனா நாலு மணிக்கே இன்னொருத்தர் அனுப்பிட்டார். அவருக்கே கொடுத்துட்டேன்."

கேட்டீங்களா? ரெண்டு நிமிஷம் பிந்தாதவன், பெத்த பொண்ணை ரெண்டு மணி நேரம் பிந்த வச்சேன். எதை வாங்கி? வேகத்தை வாங்கி!

அவ என்னைத் திட்டியிருந்தா ஆறியிருக்கும். என்ன சொன்னா தெரியுமா... "நான் கடையில இன்னும் சத்தமாச் சொல்லியிருக்கணும்ப்பா."

ஏங்க? எதுக்கு அவ சத்தம் போடணும்? படிச்சவ அவ. உக்காந்து வேலை செய்யப் போறவ அவ. சரியாச் சொன்னவளும் அவதான். காது அடைச்சிருந்தது அங்க நின்ன ரெண்டு ஆம்பளைங்களுக்கு! அந்தப் பிள்ளை தன்னையே குத்தம் சொல்லிக்குது.

இப்ப நம்ம தீர்மானம். தலைவரே, எந்த கம்ப்யூட்டர்னு எழுதிக் கொடுத்தது யாரு? அதை நமக்கு விக்கப் போற கடைக்காரர். சரின்னு தலையாட்டினது யாரு? அரிசி மண்டி அண்ணாச்சி, லாரி புக்கிங் ஆபீஸ்காரர், பஸ் ஓட்டுற நான்! தினமும் நாப்பது பொண்ணுங்களை அந்த மெஷின் முன்னால உக்கார வச்சுப் பாடம் நடத்தப் போற ரெஜினா டீச்சர், அதோ மூணாவது வரிசை. ரெண்டு தடவை எழுந்தாங்க. ரெண்டு தடவையும் "கடைசியில பேசலாம் டீச்சர்"னு உக்கார வச்சோம். கடைசின்னா எப்ப? லாரியில வந்து இறங்கின பிறகா?

நான் மெமரி பாடம் நடத்த வரலைங்க. எது வேணும்னு, அதை வச்சு வேலை செய்யறவங்களைக் கேளுங்க. காசு கொடுக்கறவனுக்கு எல்லாம் தெரியும்னு நினைக்காதீங்க. அப்படி நினைச்சவன் இதோ நிக்கறேன், நல்லாப் பாத்துக்கங்க.

என் கை இன்னிக்கு உயராது. டீச்சர்... நீங்க மேடைக்கு வாங்க. சத்தம் போட வேண்டாம்மா. மெதுவாவே சொல்லுங்க. நாங்க வாயை மூடிக்கிட்டுக் கேக்கறோம்.